ஒரு நாடகத்துக்காகப் பழசாக்கிய கடிதங்கள்: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு நாடகக் குழுவுக்கு மேடைப் பொருள்கள் செய்து கொடுப்பது என் வேலை. இங்கே பதிவு செய்யும் நாடகம் ஒரு பழைய பெட்டியைத் திறப்பதில் தொடங்குகிறது. பெட்டிக்குள் ஏறத்தாழ 60 ஆண்டுக்கு முந்தைய கடிதக் கட்டு ஒன்று இருக்கும், மடித்து வைத்த வரைபடம் ஒன்று இருக்கும். கதை முழுக்க அந்தக் கடிதங்களைச் சுற்றியே நகர்கிறது. ஒரு பாத்திரம் அவற்றை முகர்ந்து பார்ப்பார், இன்னொருவர் விரித்து வாசிப்பார், கடைசியில் ஒன்று மேடையிலேயே கிழிக்கப்படும்.

அரங்கம் சிறியது. முதல் வரிசையில் இருப்பவர்களுக்கும் நடிகருக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் பழசு மாதிரித் தெரிந்தால் போதும் என்று தட்டிக்கழிக்க வழியில்லை.

தேவை இதுதான்: கட்டுக்குள் வைக்க 20 கடிதங்கள், கையில் எடுத்து வாசிக்க 3, கிழிப்பதற்கு 15 (9 மேடையேற்றம், 3 ஒத்திகை, 3 உபரி), வரைபடம் ஒன்று. கையில் இருந்த காலம் ஐந்து வாரம். நானும் இரண்டு உதவியாளர்களும் வேலை செய்தோம். மூவருமே இதற்கு முன் தேநீரில் காகிதம் தோய்த்தவர்கள்தான். வாழ்த்து அட்டை, சுவர் அலங்காரம், பிள்ளைகள் விளையாடும் புதையல் வரைபடம் என்று செய்திருக்கிறோம். அந்தப் பழக்கமே எங்களை அவசரப்பட வைத்தது என்று இப்போது தெரிகிறது.

## மாதிரியாக வந்த கடிதம்

முதல் வாரத்தில் குழுவின் மூத்த நடிகர் ஒருவர் தன் தாத்தா எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "நிறம் ஒத்துப் பாக்க இது உதவுமில்ல? பாத்துட்டுக் குடுங்க" என்றார். அவர் கையில் அந்தத் தாத்தாவின் எழுத்தென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை அவர் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதற்கேற்ற கவனத்தை அந்தக் காகிதத்துக்குக் கொடுக்கவில்லை.

அன்று நாங்கள் பார்த்ததைக் குறித்து வைத்திருந்தோம். தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. வெளியே தெரியும் மடிப்புப் பக்கம் நல்ல பழுப்பு. விரித்தால் உள்பக்கங்கள் வெறும் வெண்ணெய் நிறம். விளிம்பில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நிறம் கூடியிருந்தது. மடிப்புக் கோடுகளில் அழுக்கு ஏறி, நான்கு மடிப்பும் சந்திக்கும் நடுவில் கடுகளவு ஓட்டை. மூலைகள் கூர் மழுங்கி, துணி மாதிரி மெத்தென்று இருந்தன. மேல் இடது மூலையில் குண்டூசி குத்திய இரண்டு துளைகள், சுற்றிலும் துரு வளையம். நீல மை சாம்பலாக வெளிறியிருந்தது. கருகிய விளிம்பு எதுவும் இல்லை.

இந்தக் குறிப்பை எழுதிவிட்டு, அதைப் படிக்காமலே வேலையைத் தொடங்கினோம். எங்கள் தலையில் இருந்தது ஒரே கேள்விதான்: இந்தப் பழுப்பை எப்படிக் கொண்டுவருவது?

## முதல் சுற்று

80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) வெள்ளை ஏ4 தாளில், கையெழுத்து போன்ற எழுத்துருவில் கடிதங்களை இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மேசைக்கரண்டி தேயிலைத்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறிய பிறகு தட்டில் ஊற்றினோம். பால், சர்க்கரை எதுவும் இல்லை. தாளைக் கசக்கிப் பிரித்து, பத்து நிமிடம் ஊற வைத்து, ஒரு கம்பி வலைமேல் காயப் போட்டோம்.

பன்னிரண்டு தாள் போட்டதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

எழுத்து கலங்கிவிட்டது. கறுப்பாக அச்சான ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி ஊதா நிழல் படர்ந்து, அதன் வெளி ஓரம் இளஞ்சிவப்பாக நின்றது. அந்தப் பிரிண்டரின் மை தண்ணீரில் கரையும் சாய மை. கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிவது பல சாயங்களின் கலவை. ஈரக் காகிதத்தில் ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் நகரும், அதனால் நிறங்கள் பிரிந்து நிற்கும்.

மூன்று தாள் தூக்கும்போதே கிழிந்தன. காகிதத்தில் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். நனைந்த தாளை மூலையைப் பிடித்துத் தூக்கினால் அதன் சொந்த எடையே அதற்கு அதிகம்.

மூன்றாவதாக வந்ததை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. காய்ந்த தாள்களின் அடிப்பக்கத்தில் கம்பி வலை பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள், கட்டம் கட்டமாக. உதவியாளர் முதலில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார். போகவில்லை. வலையில் பூச்சு உரிந்து துரு பிடித்திருந்தது. தேநீரில் துவர்ப்பைத் தரும் டானின் வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறுப்பு நிறம் உண்டாகும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட இரும்பு மை இதே வேதியியலில்தான் செய்யப்பட்டது: ஓக் மரத்துக் காய்ப்புகளில் இருந்து டானின், அதோடு இரும்பு உப்பு. அந்த மையை எங்களுக்குத் தெரியாமலே தாளின் முதுகில் தயாரித்திருந்தோம்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியும் என்று தோன்றியது. உண்மையான குறை வேறு. பன்னிரண்டு தாளையும் மேசையில் பரப்பி, நடுவில் அந்தத் தாத்தாவின் கடிதத்தை வைத்துப் பார்த்தோம். நிறம் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஆனாலும் எங்களுடையது எதுவும் கடிதமாகத் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை, உள்ளும் புறமும், ஒரே பழுப்பு. தோய்த்த காகிதம் தோய்த்த காகிதமாகவே இருந்தது.

## பழையது ஏன் அப்படி இருக்கிறது

அப்புறம்தான் எங்கள் சொந்தக் குறிப்பை எடுத்துப் படித்தோம்.

காகிதம் மஞ்சளாவதற்கு ஒரு முக்கியக் காரணம் லிக்னின். மரக்கூழில் எஞ்சியிருக்கும் இந்தப் பொருள் ஒளியும் காற்றும் பட்டால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நிறம் மாறும். செய்தித்தாளை வெயிலில் சில நாள் போட்டால் மஞ்சளாகிவிடுவது இதனால்தான். பருத்தி, லினன் துணிக் கந்தல்களில் செய்த காகிதத்தில் லிக்னின் மிகக் குறைவு. அதனால்தான் பல நூறு ஆண்டு கடந்த காகிதச் சுவடிகள் சில இன்னும் வெளிறிய நிறத்திலேயே இருக்கின்றன. இன்னொரு காரணம் அமிலம். 19ஆம் நூற்றாண்டில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்து காகிதத்துக்குப் பதம் கொடுக்கும் முறை பரவியது. மை ஊறிப் பரவாமல் இருக்க அது உதவியது, ஆனால் காகிதத்துக்குள் அமிலத்தை விட்டுச் சென்றது. அந்த அமிலம் காகித இழைகளை உருவாக்கும் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. தாள் மஞ்சளாகி, பிறகு நொறுங்குகிறது.

எங்கள் வேலைக்கு இதில் கிடைத்த பாடம் ஒன்றுதான். ஒளியும் காற்றும் கையும் எங்கே பட்டதோ அங்கேதான் காகிதம் அதிகம் பழசாகிறது. மடித்து வைத்த கடிதத்துக்கு வெளிப்பக்கம் முதலில் பழுக்கும், விளிம்பு அடுத்து, உள்பக்கம் கடைசியில். எடுக்கிற விரல் மூலையை மழுக்கும். மடிப்பில் தூசு தங்கும். ஆக நாங்கள் தர வேண்டியது நிறத்தை அல்ல, அந்தத் தாள் வாழ்ந்த வாழ்க்கையை. பெட்டியில் எப்படி இருந்தது, யார் எத்தனை முறை எடுத்துப் படித்தார்கள் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் முதலில் முடிவு செய்தால், எங்கே தூரிகை வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## இரண்டாம் சுற்றில் எடுத்த முடிவுகள்

அச்சு முறையை மாற்றினோம். கிழிக்கப்படும் 15 கடிதங்களையும் கட்டுக்குள் வைக்கும் 20ஐயும் எங்களில் ஒருவர் கையால் எழுதி, அதை ஸ்கேன் செய்து லேசர் பிரிண்டரில் எடுத்தோம். லேசரின் டோனர் என்பது சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். தேநீரில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் கலங்காது. கசக்கினால் மடிப்புகளில் லேசாக உரியும். அது எங்களுக்கு வசதியாகவே போனது. அச்சிட்ட பிறகுதான் கசக்க வேண்டும். கசக்கிய தாளைப் பிரிண்டருக்குள் விட்டு ஒருமுறை சிக்க வைத்துவிட்டோம்.

வாசிக்கப்படும் மூன்று கடிதங்களுக்கு லேசர் ஒத்துவரவில்லை. கிட்டத்தில் பார்த்தால் டோனர் லேசாக மின்னும். அவற்றைத் தோய்த்துக் காயவைத்த பிறகு நிப் பேனாவால் எழுதினோம். கசங்கிய இடங்களில் மை முடி முடியாகப் பரவியது. காகிதத்தின் மேல் இருந்த மாவுப் பூச்சு தண்ணீரில் போய், கசக்கியதில் இழைகளும் எழும்பியிருந்தன. கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சி, மெல்லிய கஞ்சியாக ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு எழுதியதும் கோடு நின்றது.

நனைத்த தாளை இனி யாரும் மூலையைப் பிடித்துத் தூக்குவதில்லை என்று முடிவானது. தட்டின் அடியில் ஒரு நைலான் வலைத்துணி. அதோடு சேர்த்துத் தூக்கி, அப்படியே பழைய பருத்தித் துணிமேல் சாய்த்தோம். கம்பி வலை போன இடம் தெரியவில்லை.

நிறத்தை மூன்று கட்டமாகப் பிரித்தோம். முதலில் முழுத் தாளுக்கும் நீர்த்த தேநீர், இரண்டு நிமிடம் மட்டும். காய்ந்ததும் கடிதத்தைக் கடிதமாக மடித்தோம். மடித்த நிலையில், வெளியே தெரியும் முகத்துக்கும் விளிம்புகளுக்கும் கெட்டித் தேநீரைத் தட்டையான தூரிகையால் தடவினோம். கடைசியாக மடிப்புக் கோடுகளில், காய்ந்த காப்பித்தூளைத் துளி எடுத்து விரலால் தேய்த்தோம். தேநீர் சிவந்த பழுப்பு, காப்பி மண் கலந்த பழுப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒற்றை நிறத்தின் செயற்கைத்தனம் குறைகிறது.

காயும்போது ஓரத்தில் கருத்த கோடு விழுவதைப் பலர் குறையாக நினைப்பார்கள். தேங்கிய நீர் ஓரத்தில்தான் முதலில் உலரும். உலரும் ஓரத்தை நோக்கி உள்ளிருந்து திரவம் ஓடிக்கொண்டே இருக்கும், வரும்போது நிறத்தையும் இழுத்து வந்து அங்கே விட்டுவிடும். காப்பிக் கோப்பை மேசையில் விடும் வளையமும் இதே கணக்குதான். கூரை ஒழுகி நனைந்த கடிதம் ஒன்று கதையில் வருகிறது. அதற்கு மட்டும் இந்தக் கோட்டை வேண்டுமென்றே வரவழைத்தோம். மற்றவற்றில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டோம்.

இயக்குநர் விளிம்புகளைக் கருக்கச் சொன்னார். ஒரு தாளில் செய்து பார்த்தோம். தீயை ஊதி அணைத்த பிறகும் விளிம்பில் ஒரு சிவப்புப் பொறி நகர்ந்துகொண்டே இருந்தது. அணைந்துவிட்டது என்று மேசையில் வைத்தபின் அது அரை அங்குலம் தின்றுவிட்டது. துணியும் மரமும் நிறைந்த மேடைப் பின்புறத்தில் இது வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். உடையில் கரி உதிர்வது வேறு. அதைவிட, கருகிய விளிம்பு பார்ப்பவருக்கு நெருப்பைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. தாத்தாவின் கடிதத்தைக் காட்டியதும் இயக்குநர் ஒத்துக்கொண்டார். மாற்றாக, நனைத்த தூரிகையால் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்து, ஊறியதும் அந்தக் கோட்டில் கிழித்தோம். இழை பிரிந்து மெத்தென்ற ஓரம் கிடைத்தது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் சீக்கிரமே பழுப்பு தரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தரும்தான். ஆனால் அது கடுமையான ஆக்சிஜனேற்றி, இழையையே அரிக்கும். நடிகர்கள் தினம் தொடும் பொருளுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

முதல் சுற்றில் எங்களைக் கெடுத்த துருவை இந்த முறை வேலைக்கு வைத்தோம். வாசிக்கப்படும் கடிதம் ஒன்றின் மூலையில் இரும்புக் குண்டூசியைக் குத்தி, அந்த இடத்தை மட்டும் ஈரமாக்கி ஓர் இரவு விட்டோம். காலையில் எடுத்தால் துளையைச் சுற்றி உள்ளே கறுப்பு, வெளியே செம்பழுப்பு. அதைப் பார்த்து மூத்த நடிகர் தன் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சிரித்தார்.

## பெட்டிக்குள் நடந்தது

மூன்றாம் வாரத்தின் தொடக்கத்தில் 14 கடிதங்கள் முடிந்திருந்தன. ஒத்திகை இடத்தை அவசரமாகக் காலி செய்ய வேண்டி வந்தது. தொட்டுப் பார்த்தோம், காய்ந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினோம். நிறம் ஒப்பிட எப்போதும் கையருகே இருக்கட்டும் என்று தாத்தாவின் கடிதத்தையும் அதே பெட்டியில், அடுக்கின் மேலேயே வைத்தேன். வைத்தது நான்தான்.

ஆறு நாள் கழித்துத் திறந்தபோது முதலில் வந்தது வாடை. நடுவில் இருந்த ஏழு தாள்களில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை. மேல்பரப்பு காய்ந்திருந்தாலும் மடித்த தாளின் உள்மடிப்பில் ஈரம் இருந்திருக்கிறது. மூடிய பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லை. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சை வளரத் தொடங்கும் என்று ஆவணக் காப்பகங்களில் சொல்வார்கள். எங்கள் பெட்டிக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். மாவுக் கஞ்சி பூசிய தாள்களில்தான் அதிகம் பிடித்திருந்தது.

தாத்தாவின் கடிதத்தில் பூஞ்சை தெரியவில்லை. ஆனால் கீழே இருந்த தாளைத் தொட்ட மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புதிய பழுப்புக் கறை இறங்கியிருந்தது. அதன் ஓரத்தில் கூர்மையான கோடு. நாங்கள் ஒரு கடிதத்தில் வேண்டுமென்றே வரவழைத்த அதே கோடு. கையொப்பத்தின் கடைசி எழுத்தில் மை லேசாகக் கசிந்திருந்தது.

உடனே செய்தவை: பூஞ்சை பிடித்த தாள்களை முகக்கவசமும் கையுறையும் போட்டு ஒரு பையில் கட்டி வெளியே எறிந்தோம். ஒட்டியிருந்த மற்றவற்றையும் காப்பாற்றப் பார்க்கவில்லை. கடிதத்தைத் துடைக்கவில்லை, வெயிலில் போடவில்லை, இஸ்திரி வைக்கவில்லை. சுத்தமான உறிஞ்சு தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே மெல்லிய கனம் கொடுத்து, காற்றோட்டமான நிழலில் விட்டோம். உறிஞ்சு தாளைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம். இரண்டு நாளில் முழுக்க உலர்ந்தது.

அன்று மாலையே உரியவரிடம் சொன்னேன். "ஐயா, உங்க கடிதத்துல கறை ஏறிடுச்சு. என் தப்பு" என்றேன். வாங்கிப் பார்த்தார். விளக்கடியில் சாய்த்து, கையொப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிக்க முடியுதுல்ல, சரி" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல எதுவும் இல்லை.

கறையைத் தண்ணீரில் அலசி எடுக்கலாமா என்று ஆவணப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டோம். வேண்டாம் என்றார். பவுண்டன் பேனா மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும் சாயங்கள். கறையை எடுக்கப் போனால் எழுத்தும் போகும். கறையோடு விட்டுவிட்டு, அமிலம் இல்லாத உறையில் தட்டையாக வைக்கச் சொன்னார். தேநீர் இலேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால், தோய்த்த காகிதத்தைப் பழைய ஆவணங்களோடு ஒட்டி வைப்பதே தவறு என்றும் சொன்னார். ஈரமே இல்லாமல் இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்தால் அமிலம் ஒரு தாளில் இருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்.

## ஒத்திகையில் தெரிந்த நீலம்

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது விளக்குகளோடு முழு ஒத்திகை. இரவுக் காட்சியின் பின்திரையில் நட்சத்திரங்கள் ஒளிர்வதற்காகப் புற ஊதா விளக்கு போட்டிருந்தார்கள். நடிகர் கடிதத்தை விரித்ததும் ஒளி அமைப்பாளர் குரல் கொடுத்தார்: "அக்கா, காகிதம் நீலமா அடிக்குது பாருங்க!"

தேநீர் குறைவாக ஏறிய உள்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாக நீல ஒளி. இன்றைய வெள்ளைத் தாள்களில் வெண்மையைக் கூட்டுவதற்காக ஒளிர்வுச் சாயம் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை அது வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். தேநீர் அதைக் கொஞ்சம் மங்க வைத்திருந்தது, முழுக்க மறைக்கவில்லை.

1983இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளிவந்த போலிகள் பிடிபட்டதிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. அவற்றைப் பழசாகக் காட்டத் தேநீர் பயன்பட்டிருந்தது. மேற்கு ஜெர்மனியின் ஆவணக் காப்பகம் நடத்திய சோதனையில், போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் பொருள் காகிதத்தில் இருப்பது தெரிந்தது. மேலே எவ்வளவு நிறம் ஏற்றினாலும் காகிதம் தன் பிறந்த தேதியை உள்ளே வைத்திருக்கிறது. எங்களுக்கு யாரையும் ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனாலும் மேடை விளக்கு எங்களை அதே இடத்தில் பிடித்தது.

இரண்டு வழி இருந்தது. புற ஊதா விளக்கை அணைக்கலாம், அல்லது காகிதத்தை மாற்றலாம். பூஞ்சையால் எப்படியும் பாதிக்கு மேல் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் காகிதத்தை மாற்றுவது என்று தீர்மானித்தோம். கள்ளநோட்டு பார்க்கும் சின்ன டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கைக்குக் கிடைத்த தாள்களை எல்லாம் இருட்டில் சோதித்தோம். வெள்ளையாகத் தெரிந்த கிட்டத்தட்ட எல்லாமே ஒளிர்ந்தன. வெண்மையூட்டாத, இயல்பாகவே வெண்ணெய் நிறத்தில் இருந்த வரைதாள் ஒன்று இருட்டாகவே இருந்தது. அதையே எடுத்தோம். அதற்கு முதல் கட்டத் தோய்ப்பே தேவைப்படவில்லை. உள்பக்க நிறம் தாளிலேயே இருந்தது. அச்சு, மடிப்பு, விளிம்பு, துரு என்று அடுத்தடுத்து ஓடியது. 38 கடிதங்களும் ஆறு நாளில் முடிந்தன. சரியான காகிதத்தில் தொடங்கியிருந்தால் முதல் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

அதே ஒத்திகையில் ஒலி அமைப்பாளரும் ஒன்று சொன்னார். தோய்த்துக் காயவைத்த தாள் விரிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் போட்டது, நடிகரின் மைக்கில் வசனத்தை அது விழுங்கியது. புதிய கடிதங்களை ஒவ்வொன்றாகக் கையில் கசக்கி, பிரித்து, மேசை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்து, முப்பது நாற்பது முறை பழக்கினோம். தாள் துவண்டு, சத்தம் அடங்கியது. மூலைகளும் அந்தக் கடிதத்தில் பார்த்த மெத்தென்ற பதத்துக்கு வந்தன. தூரிகையால் வராதது கையால் வந்தது.

## மேடையேற்றமும் பிறகும்

ஒன்பது மேடையேற்றமும் நடந்தன. கிழிக்கும் கடிதங்கள் ஒவ்வொரு முறையும் சீராகக் கிழிந்தன. கிழிய வேண்டிய மடிப்பில் முன்கூட்டியே ஈரத் தூரிகைக் கோடு போட்டுக் காயவைத்திருந்தோம். முதல் வரிசையில் இருந்த ஒருவர் நாடகம் முடிந்ததும் வந்து, வாசித்த கடிதத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். லேசான தேயிலை வாடை இருந்தது. அதை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை.

வரைபடம் ஐந்தாம் நாள் மடிப்பில் பிளந்தது. 420 × 594 மில்லிமீட்டர் தாளை ஒவ்வொரு இரவும் எட்டாக மடித்து விரித்தால் எந்தக் காகிதமும் தாங்காது. பின்னால் மெல்லிய பருத்தித் துணியை மாவுப் பசையால் ஒட்டினோம். பழைய பயண வரைபடங்கள் பலவற்றைத் துணியில் ஒட்டி விற்றார்கள். அதனால் துணி தெரிந்தாலும் பொருந்தியது. கடைசி நாள் வரை தாங்கியது.

மீதமான கடிதங்களைக் குழுவில் சிலர் நினைவாகக் கேட்டார்கள். கொடுத்தோம், ஆனால் ஒவ்வொன்றின் பின்பக்கமும் "நாடகத்துக்காகச் செய்தது" என்றும் ஆண்டும் கரையாத மையில் எழுதிய பிறகே. இருபது முப்பது ஆண்டு கழித்து அது யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடைக்கும். எடுப்பவர் அதை உண்மைக் கடிதம் என்று நம்பி, இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

## இனி மாற்றிக்கொள்வது

வேலையின் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் காகிதம், டார்ச் வைத்துச் சோதித்த பிறகே வாங்குவது. அடுத்து அச்சு அல்லது மை. அதில் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவை. அப்புறம் கடிதத்தின் கதை: எங்கே இருந்தது, எப்படி மடித்திருந்தது. நிறம் கடைசியில்தான். ஒரு மாதிரித் தாளை முடித்து, மேடை விளக்கிலும் மைக் முன்னாலும் காட்டி ஒப்புதல் வாங்கும் வரை இரண்டாவது தாளைத் தொடுவதில்லை.

உலர்த்துவதற்கு இரண்டு முழு நாள், மடிப்பைத் திறந்து வைத்து. அடுக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் இடையே உறிஞ்சு தாள். மூடி இல்லாத அட்டைப்பெட்டி மட்டும். அவசரமாக இடம் காலி செய்ய வேண்டி வந்தால், ஈரமான தாள்களை விரித்த நிலையில் துணியோடு சுருட்டி எடுத்துப் போவது, அதுவும் முடியாவிட்டால் அந்தத் தாள்களை இழப்பது.

அசல் ஆவணம் எதையும் வேலை மேசைக்குக் கொண்டுவருவதில்லை. உரியவர் வீட்டிலேயே, பகல் வெளிச்சத்தில், நிறப் பட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து இருபுறமும் படம் எடுக்கிறோம். அந்த நிறத்துக்கு ஒத்துவரும் வண்ணத் துண்டுகளை அங்கேயே கலந்து தீட்டி, அவற்றைத்தான் மாதிரியாக எடுத்து வருகிறோம்.

அடுத்த நாடகத்துக்கும் கடிதங்கள் தேவைப்பட்டன. மூத்த நடிகரிடம் நாங்கள் கேட்கவில்லை. அவராகவே என்னை அழைத்து, உறையில் இருந்த கடிதத்தைத் தன் மேசைமேல் பிரித்து வைத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தேன்.